கத்தி யார்மேல் பாய்ந்தது?
ஒரு ஜெர்மானிய நாடகமும் நமது பெண்கள் நிலையும்

நமது நாட்டில் நாடகம் என்பது வெறும் பொழுதுபோக்காக ஒரு நாளும் இருந்ததில்லை. எதைக் கண்டு அழ வேண்டும், எதைக் கண்டு கைதட்ட வேண்டும், எதைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று பாமர ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூடமாகவே அது இருந்து வந்திருக்கிறது. புராணக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். சுயமரியாதைக்காரர்களும் தெரிந்துகொண்டார்கள். தோழர் எம். ஆர். ராதா அவர்கள் மேடையில் ராமாயணத்தை ஆடிக்காட்டிய ஆட்டத்தைத் தாங்கமாட்டாமல் 1954-ம் வருஷத்தில் சென்னை சர்க்கார் நாடகங்களை அடக்குவதற்கென்றே ஒரு சட்டம் செய்ய வேண்டியதாயிற்று என்றால், மேடைக்கு இருக்கும் பலம் எவ்வளவு என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட மேடையில், கண்ணமங்கலத்திலும் ஆரணி வட்டாரத்துத் தறி ஊர்களிலும் ஆடிக்காட்ட வேண்டிய நாடகம் ஒன்று இருக்கிறது என்று சொல்லவே இதை எழுதுகிறோம். அது நம் தேசத்து நாடகம் அல்ல, ஜெர்மானிய நாடகம். "எமிலியா கலோட்டி" என்பது அதன் பெயர். எழுதியவர் லெஸ்ஸிங் (1729 - 1781) என்பவர்.

இந்த லெஸ்ஸிங் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. அவர் ஒரு பாதிரியாரின் பிள்ளை. ஆனாலும் வேத புஸ்தகத்தை அறிவு கொண்டு ஆராயலாகாது என்று சொன்ன ஹாம்பர்க் நகரத்துப் பெரிய பாதிரியோடு பகிரங்கமாக எழுத்துச் சண்டை போட்டவர். சண்டை முற்றவே, அவருக்குச் சம்பளம் கொடுத்து வந்த பிரன்ஸ்விக் பிரபு, 1778-ல் அவர் தணிக்கையில்லாமல் அச்சிட்டு வந்த உரிமையைப் பறித்துவிட்டார். லெஸ்ஸிங் என்ன செய்தார்? பத்திரிகைச் சண்டையை விட்டுவிட்டு, தனது பழைய பிரசங்க மேடையாகிய நாடக மேடைக்கே போனார். மதச் சண்டையின் மடமையை எடுத்துக்காட்டும் நாடகம் ஒன்றை 1779-ல் வெளியிட்டார். எழுத விடாவிட்டால் ஆடிக்காட்டுவேன் என்பது அவருடைய வழி. நமக்கும் அது புது வழியல்ல.

எமிலியா நாடகம் அதற்கு முன்பே, 1772 மார்ச் 13-ந் தேதி, பிரன்ஸ்விக் நகரில் அந்தப் பிரபுவினுடைய மனைவியின் பிறந்த நாள் கொண்டாட்டத்தில் ஆடப்பட்டது. அரண்மனைச் சம்பளக்காரர், அரண்மனைக் கொண்டாட்டத்திலேயே, அரண்மனைகளின் அயோக்கியத்தனத்தை மேடையில் நிறுத்தினார். கதை நடக்கும் இடத்தை மட்டும் இத்தாலிக்கு மாற்றிவைத்தார். அன்றைக்கு ஜெர்மனி முந்நூறுக்கு மேற்பட்ட சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு சிற்றரசனும் குடிகளின் உயிருக்கும் உடைமைக்கும் தானே எஜமான் என்று நினைத்துக் கொண்டிருந்தான். நமது ஆரணியே ஜாகீராயிருந்த ஊர்தான். ஆகையால் ஒரு சின்ன ஊருக்குப் பெரிய பிரபு இருந்தால் எப்படியிருக்கும் என்பதை நம்மவர்கள் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பார்கள்.

கதை

எமிலியா என்பவள் ஒரு பட்டாள அதிகாரியின் மகள். அவளுக்கு அன்றைக்குக் கல்யாணம். அந்த ஊர்ச் சிற்றரசன் அவள்மேல் மோகங்கொண்டவன். கல்யாணச் செய்தி கேட்டதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அவசரத்தில் ஒரு மரண தண்டனை உத்தரவில் கையெழுத்துக் கேட்கிறார்கள். யார், என்ன குற்றம் என்று ஒரு வார்த்தை கேளாமல், சந்தோஷமாகப் போடுகிறேன், கொண்டுவா என்கிறான். அந்தக் கிழட்டு மந்திரி பயந்துபோய், காகிதத்தை எடுத்துவரவில்லை என்று பொய் சொல்லித் தப்பித்துக் கொள்கிறார். ஒரு மனிதனுடைய உயிர் ஒரு கிழவருடைய பொய்யினால் ஒரு நாள் தப்பிற்று! இதுதான் ராஜநீதி!

அரசன் கோயிலுக்கே போய், ஜெபம் செய்துகொண்டிருக்கும் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று ஆசை வார்த்தை பேசுகிறான். (கோயில் என்பது எந்த மதத்தில் இருந்தாலும் பெண்ணுக்குப் பாதுகாப்பான இடமல்ல என்பதை நமது வாசகர்கள் கவனிக்க வேண்டும்.) பிறகு அவனுடைய கையாள் ஒருவன் கொள்ளைக்காரர்களை ஏவி, கல்யாண வண்டியை வழிமறிக்கச் செய்து, மாப்பிள்ளையைக் கொன்றுவிடுகிறான். பெண்ணைக் காப்பாற்றுவதுபோல் பாவனை செய்து அரசனுடைய உல்லாச மாளிகைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான்.

அங்கே ஓர்சினா என்று ஒரு சீமாட்டி வருகிறாள். அவள் அரசன் வைத்திருந்து கைவிட்டவள். புஸ்தகம் படிப்பவள், யோசிப்பவள். அந்த மாளிகையில் நடந்த சூதை அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறாள். அதற்காக அவளுக்குக் கிடைத்த பட்டம் "பைத்தியக்காரி" என்பது. அவள் எமிலியாவின் தகப்பனிடம் உண்மையையும் சொல்லி, ஒரு கத்தியையும் கொடுக்கிறாள். எதற்காகக் கொடுத்தாள்? அரசனைக் குத்துவதற்காகக் கொடுத்தாள்.

தகப்பன் அரசனுக்கு எதிரில் நிற்கிறான். கையில் கத்தி இருக்கிறது. அரசனோ, விசாரணை முடிகிறவரையில் பெண்ணை ஒரு பெரிய அதிகாரியின் வீட்டில் வைக்க வேண்டும் என்று சட்டம் பேசுகிறான். தகப்பன் பல்லைக் கடித்துக் கொள்கிறான். கத்தியின்மேல் கை போகிறது. கை திரும்பி வந்துவிடுகிறது. பிறகு மகளைத் தனியே பார்க்கிறான். மகள், பலாத்காரத்துக்கு அஞ்சவில்லை, என் உடம்பிலும் இளரத்தம் ஓடுகிறது, ஆசைக்குத்தான் அஞ்சுகிறேன் என்ற கருத்துப்படப் பேசி, கத்தியைக் கேட்கிறாள். தகப்பன் அவளைக் குத்திவிடுகிறான். அரசன் பழியைக் கையாள் தலையில் போட்டு அவனைத் துரத்துவதோடு நாடகம் முடிகிறது.

கைதட்டுகிறவர்களுக்கு

இந்த இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. இந்நாடகத்தை நமது ஊரில் ஆடினால், தகப்பன் கத்தியை ஓங்கும்போது சபையில் பாதிப் பேருக்குமேல் கைதட்டுவார்கள் என்று நாம் நிச்சயமாகச் சொல்லுவோம். "மானஸ்தன்! மகளைக் கொன்றாலும் மானத்தைக் காப்பாற்றினான்!" என்பார்கள். அரசனைத் திட்டிவிட்டு, தகப்பனைப் புகழ்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அப்படிக் கைதட்டுகிறவர்களை நாம் சில கேள்விகள் கேட்கிறோம். குற்றம் செய்தவன் யார்? அரசன். கத்தி யாருக்கென்று கொடுக்கப்பட்டது? அரசனுக்கு. கத்தி யார்மேல் பாய்ந்தது? யாதொரு குற்றமும் செய்யாத மகள்மேல். ஏன்? அரசனைக் குத்தினால் கழுத்துப் போகும். அல்லது அரசன் என்ற பக்தி கையைத் தடுக்கும். மகளைக் குத்தினாலோ, அவள் நம்முடைய பொருள், நாம் செய்ததைக் கேட்பார் யார்? மேலே இருக்கிறவனிடம் பாய முடியாத கோபம் கீழே இருக்கிறவள்மேல் பாய்ந்தது. இதற்குப் பெயர் வீரமா?

அரசன், "இவள் எனக்கு வேண்டும்" என்றான். தகப்பன், "உனக்குக் கிடைக்கவிடமாட்டேன்" என்றான். இரண்டு பேரில் ஒருவனாவது, "இவள் யாருக்கும் சொந்தமல்ல, தனக்கே சொந்தம்" என்று சொன்னானா? சொல்லவில்லை. ஒரு மாட்டுக்கு இரண்டு பேர் வழக்காடி, கடைசியில் உடையவன், அடுத்தவனுக்குப் போகக்கூடாதென்று மாட்டையே வெட்டிவிட்டால், அந்த மாட்டுக்கு எந்த மனிதன் நல்லவன்? அரசன் காமத்தினால் செய்ததைத் தகப்பன் மானத்தின் பெயரால் செய்து முடித்தான் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை.

"அவளே கேட்டாள் அல்லவா?" என்று ஒரு சிலர் சொல்லலாம். உடன்கட்டை ஏறின பெண்களும் தாங்களே விரும்பி ஏறினார்கள் என்றுதான் 1829-ல் அது சட்டத்தால் தடுக்கப்படும் வரையில் நமது வைதிகர்கள் சொல்லி வந்தார்கள். பிறந்தது முதல் ஒரு பெண்ணுக்கு, "உன் உயிரைவிட உன் கற்புப் பெரிது, உனக்கு ஆசை வருவதே பாவம்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, அவள் சாவைக் கேட்கும்போது "அவள் இஷ்டம்" என்பது எவ்வளவு பெரிய மோசடி! எமிலியா கேட்ட கத்தியை அவள் கேட்பதற்கு வெகு நாளைக்கு முன்பே வீட்டாரும் பாதிரியும் அவள் நெஞ்சுக்குள் வைத்துவிட்டார்கள். தகப்பன் செய்ததெல்லாம் அதை வெளியே எடுத்துக் காட்டினது மாத்திரமே.

இந்தக் கதைக்கு மூலம் பழைய ரோமாபுரியில் இருக்கிறது. அங்கேயும் ஓர் அதிகாரி ஒரு பெண்ணை அடைவதற்காகப் பொய் வழக்குப் போட, வெர்ஜீனியஸ் என்ற தகப்பன் சந்தையில் வைத்து மகளைக் குத்தினான் என்பது லிவி என்ற சரித்திரக்காரர் எழுதிவைத்த கதை. ஆனால் அங்கே ஊர் ஜனங்கள் கொதித்தெழுந்து அந்த அதிகாரிகளின் ஆட்சியையே கவிழ்த்தார்கள். லெஸ்ஸிங் அந்தக் கிளர்ச்சியை வேண்டுமென்றே விட்டுவிட்டார். உயிரைவிட மகளின் கற்பைப் பெரிதாக நினைத்த தகப்பனால் கொல்லப்பட்ட பெண்ணின் கதியே தனியாகப் போதுமான துக்கம் என்று 1758-லேயே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். ஆகவே மேடையில் ஊர் எழவில்லை. எழ வேண்டியவர்கள் கீழே உட்கார்ந்து பார்க்கிறவர்கள்தான். அவர்களும் எழாமல் கைதட்டினால் அந்தப் பெண் இரண்டாம் தடவை கொல்லப்படுகிறாள் என்றே அர்த்தம்.

"நமது கூத்துப் போதாதா?"

"சீமை நாடகம் நமக்கு எதற்கு? பெண் கொடுமையைக் காட்ட நம்மிடம் திரௌபதி துகிலுரிதல் இல்லையா?" என்று சில பக்திமான்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. நமது வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கிற ஊர்களில் பகலெல்லாம் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்தாடி, கடைசியில் தீமிதியோடு முடிக்கிறார்கள். அந்தக் கதையில் திரௌபதி கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்கு நாமும் தலைவணங்குவோம். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்துச் சூதாட அவருக்கு என்ன உரிமை என்று கேட்டாள். பீஷ்மர் முதல் அத்தனை பெரியவர்களும் தர்மம் மிக நுட்பமானது என்று தாடியைத் தடவிக் கொண்டார்கள். அந்தக் கேள்விக்கு அன்றும் பதில் இல்லை. இத்தனை காலம் கூத்தாடியும் பதில் இல்லை.

நாம் அதற்கு மேலும் ஒரு கேள்வி கேட்கிறோம். தோற்பதற்கு முன்பு மாத்திரம் அவளை வைத்துச் சூதாட அவனுக்கு உரிமை இருந்ததா? மனைவி என்ன செம்பா, தவலையா? இந்தக் கேள்வி எழும் சமயம் பார்த்துக் கண்ணன் சேலையை விட்டுவிடுகிறான். சேலை வளர வளர, கற்பூரம் ஏற்ற, ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ள, கேள்வி சேலைக்கடியில் புதைந்துபோகிறது. கடவுள் வந்த வேலை பெண்ணைக் காப்பாற்றவா, அவளைப் பணயம் வைத்த புருஷனைக் காப்பாற்றவா?

அதுவும், சேலையைப் பற்றிப் பட்டு நெய்கிறவர்களிடத்திலேயே இந்தக் கதையைச் சொல்லுகிறார்களே, அந்தத் தைரியத்தைத்தான் நாம் மெச்ச வேண்டும்! ஒரு பட்டுச் சேலை எப்படி உண்டாகிறதென்று ஆரணி வட்டாரத்தாருக்குத் தெரியாதா? குழிக்குள் காலை விட்டுக்கொண்டு நாட்கணக்கில் நாடா தள்ளினால்தான் ஒரு சேலை இறங்கும். கண்ணனுக்குத் தறி எங்கே இருந்தது? பாவு யார் போட்டார்கள்? தார் யார் சுற்றினார்கள்?

தார் சுற்றுகிறவர்கள் யார் என்பதை நாமே சொல்லிவிடுகிறோம். வீட்டுப் பெண்கள்தான். விடிவதற்கு முன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பார்த்து, நடுவில் ராட்டினத்தில் உட்கார்ந்து நூல் இழைத்துத் தார் சுற்றிக் கொடுக்காவிட்டால் ஆண்பிள்ளையின் தறி ஓடாது. ஆனால் கூலி யார் கையில் வருகிறது? ஆண்பிள்ளை கையில். கணக்கு யார் பெயரில் இருக்கிறது? ஆண்பிள்ளை பெயரில். அவள் உழைப்புக்குப் பெயர் "வீட்டு வேலை". முதலாளி கூலியைக் குறைத்தாலோ, வாங்கின முன்பணத்துக்கு மேல் பேசினாலோ, நெசவாளத் தோழன் அங்கே கைகட்டி நிற்கிறான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியின்மேல் கை ஓங்குகிறான். முதலாளிமேல் போக வேண்டிய கை மனைவிமேல் போகிறது. எமிலியாவின் தகப்பன் கத்தி நம் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறதென்று தோழர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

பழைய கதையல்ல

இதெல்லாம் பழங்காலத்துக் கதை என்று யாராவது சொன்னால், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் 2003 ஜூலையில் நடந்ததைக் கேட்கட்டும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட வாலிபனுக்கும் பெண்ணுக்கும் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். 18 வருஷங்கழித்து, 2021-ல் கடலூர் கோர்ட்டு தண்டித்தவர்களில் பெண்ணின் தகப்பனும் கூடப்பிறந்தவனும் இருந்தார்கள். 2025-ல் சுப்ரீம் கோர்ட்டும் தண்டனையை உறுதி செய்தது. அந்தப் பெண்ணுக்குப் பெற்றவர்கள் வைத்திருந்த பெயர் கண்ணகி! கற்புக்கரசியின் பெயரை வைத்ததும் அவர்களே, சாதி மானத்துக்காக விஷம் கொடுத்ததும் அவர்களே.

உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13-ந் தேதி பஸ் நிலையத்துக்கு அருகில், பட்டப்பகலில், சங்கர் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவரையும் அவரை மணந்த கவுசல்யாவையும் வெட்டினார்கள். எமிலியா நாடகம் முதன்முதல் ஆடப்பட்டதும் அதே மார்ச் 13-ந் தேதிதான். தேதிப் பொருத்தத்தை ஜோசியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு அதில் வேலையில்லை. சங்கர் இறந்தார். கவுசல்யா வெட்டுக்காயத்தோடு பிழைத்தார். கீழ்க்கோர்ட்டு 2017-ல் பெண்ணின் தகப்பனார் உட்பட 6 பேருக்குத் தூக்கு விதித்தது. ஹைக்கோர்ட்டு 2020-ல் தகப்பனாரை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுள் தண்டனையாக மாற்றியது. அது கோர்ட்டின் முடிவு. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அந்தப் பெண் சாவைக் கேட்கவில்லை. கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று, பெற்றவர்கள் என்றும் பாராமல் சாட்சி சொன்னார். சாதிக் கொலைகளுக்கு எதிராக மேடையேறிப் பேசினார். லெஸ்ஸிங்குக்குத் தெரியாத ஆறாம் அங்கம் அது. எமிலியா உயிரோடிருந்து வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதை நமது தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் சொல்லிக் காட்டிவிட்டார்.

வேண்டுவது என்ன?

பெண்ணுக்கு வேண்டியது அவளைக் காக்கும் கத்தியும் அல்ல, வளரும் சேலையும் அல்ல. தன் காலில் நிற்கச் சொத்தும், தன் இஷ்டப்படி மணக்கவும் மணத்தை விடவும் உரிமையுமே வேண்டும். 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் அநேகர். பிதுரார்ஜித சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-ல் சட்டமாயிற்று. இந்திய தேசம் முழுவதற்கும் 2005-ல் ஆயிற்று. புரோகிதனில்லாத சுயமரியாதைக் கல்யாணம் 1967-ல் செய்த சட்டத்தினால் செல்லுபடியாயிற்று. வயது வந்த இருவர் இஷ்டப்பட்டு மணந்தால் குடும்பமோ, சாதிப் பஞ்சாயத்தோ தலையிடக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டம் ஏட்டில் வந்துவிட்டது. கைதட்டுகிற கைகளுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை. தங்கை கையெழுத்துப் போட்டுப் பங்கை விட்டுக்கொடுத்தால் அவளை "உத்தமி" என்றும், கேட்டால் "குடும்பத்தைக் கெடுக்க வந்தவள்" என்றும் சொல்லுகிற வாய்கள் நமது தெருவில் இல்லையா?

ஆகவேதான் இந்நாடகத்தை ஆட வேண்டும் என்கிறோம். ஆடுகிறவர்களுக்கு நமது யோசனைகள் சில:

முதலாவது, எமிலியா வேஷத்தையும் ஓர்சினா வேஷத்தையும் பெண்களே போட வேண்டும். பெண் கஷ்டத்தை ஆண்பிள்ளை சேலை கட்டி அழுது காட்டினது போதும்.

இரண்டாவது, சபையில் பெண்களுக்கு முன்வரிசை வேண்டும். தூணுக்குப் பின்னாலும் திண்ணைக்கு மேலும் அவர்களை ஒதுக்கிவிட்டுப் பெண் விடுதலை நாடகம் ஆடுவதைவிட ஆடாமலிருப்பதே நாணயம்.

மூன்றாவது, தகப்பன் குத்துகிற இடத்தில் வீர ராகமோ, பக்திப் பாட்டோ, வாழ்த்தோ கூடாது. மேளம் நிற்க வேண்டும். நமது கூத்தில் கட்டியக்காரன் என்று ஓர் அருமையான பாத்திரம் இருக்கிறான். ராஜாவையே கேலி செய்ய உரிமையுள்ளவன். அவன் அந்த நேரத்தில் சபையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "ஐயா, கத்தி யாருக்கு என்று கொடுத்தார்கள்? யார்மேல் பாய்ந்தது?"

நான்காவது, முடிவை மாற்ற வேண்டாம். கடவுள் வந்து காப்பாற்றுவதாகவும் வேண்டாம்; அரசன் மனந்திருந்துவதாகவும் வேண்டாம். செத்தவள் செத்தவளாகவே கிடக்கட்டும். அப்போதுதான் சபைக்கு உறைக்கும். ஆட்டம் முடிந்ததும் விளக்கை அணைக்காமல், பெண்களை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர்கள் பேசுவதை ஆண்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்கட்டும். அது அவர்களுக்கு ஒரு புது அநுபவமாயிருக்கும்.

தோழர்களே! "என் மகள் மானம் என் மானம்" என்று சொல்லுகிற தகப்பன்மாரை நாம் கேட்பது ஒன்றுதான். உங்கள் மானத்தை உங்களிடமே வைத்துக் கொள்ளுங்கள். முதலாளி கூலியைக் குறைக்கும்போது காட்டுங்கள். சாதி பேசுகிறவன் முகத்துக்கு நேரே காட்டுங்கள். அதிகாரி அநியாயம் செய்யும்போது காட்டுங்கள். அங்கேயெல்லாம் காட்டாத மானத்தைப் பெண் பிள்ளையின் உடம்பில் கொண்டுபோய்ப் பதுக்கிவைத்து, அதைக் காவல் காப்பதற்காக அவளையே வெட்டுவது மானமாகாது, கோழைத்தனமாகும். கோழைத்தனத்துக்குக் கைதட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.